பளபளப்புக்கு அடியில் இருக்கும் தளம்

கடன் விண்ணப்பங்களோடு விலைப்புள்ளிகளும் எங்கள் மேசைக்கு வருகின்றன. மரவேலை, மின்பணி, வண்ணப்பூச்சு என்று வழக்கமாக வரும் இனங்களுக்கு நடுவே, அண்மைக் காலமாக ‘எபாக்சி தளப் பூச்சு’ என்னும் இனத்தையும் அடிக்கடி காண்கிறோம். மருந்து ஆலைகளிலும் பெரிய வணிக வளாகங்களின் வாகன நிறுத்துமிடங்களிலும் காணப்பட்ட இப்பூச்சு, இன்று வீட்டுக் கார் ஷெட்டுக்கும் சிறிய வாகனப் பட்டறைக்கும் வந்துவிட்டது. கண்ணாடிபோல் மின்னும் தரையைப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் விருப்பம் எழுவது இயல்பே. அந்த விருப்பத்துக்குச் செலவிடும் பணம் வீணாகாமல் இருக்க எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

புனே நகரின் புறப்பகுதியில் எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒருவர் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறார். 600 சதுர அடித் தளத்துக்கு அவர் இரண்டு விலைப்புள்ளிகள் பெற்றார். ஒன்று சதுர அடிக்கு 40 ரூபாய், மற்றொன்று 95 ரூபாய். இரண்டிலும் ‘எபாக்சி’ என்றே எழுதியிருந்தது. ஒரே பொருளுக்கு 33,000 ரூபாய் கூடுதலாகத் தருவானேன் என்று கருதி, 24,000 ரூபாய்க்கு வேலையை முடித்தார். ஜூலை மாதம் பூசிய பூச்சு, தீபாவளிக்கு முன்பே வண்டிச் சக்கரம் நிற்கும் இடங்களில் ஏடு ஏடாக உரிந்தது. பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கவும், மீண்டும் பூசவும், பட்டறையை எட்டு நாள் மூடி வைக்கவும் நேர்ந்தது. 57,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 81,000 ரூபாய்க்கு மேல் சென்றது; எட்டு நாள் வருமான இழப்பு தனி.

உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கத்தில் சிமெண்ட் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தன. பூச்சு தளத்தைப் பற்றவே இல்லை; தளத்தின் மேலிருந்த அழுக்கைத்தான் பற்றியிருந்தது. இந்தப் பூச்சின் வெற்றியும் தோல்வியும் மேலே தெரியும் பளபளப்பில் இல்லை, கீழே செய்யும் ஆயத்தப் பணியில் இருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

பூச்சின் இயல்பு

சாதாரண வண்ணப்பூச்சு காய்வதால் கெட்டியாகிறது. எபாக்சி அவ்வாறன்று. ரெசின், ஹார்டனர் என்னும் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து இறுகுகின்றன. ஆகவே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விகிதத்தில் அளந்து கலப்பது இன்றியமையாதது. விகிதம் தவறினால் எத்தனை நாள் விட்டாலும் பிசுபிசுப்பு நீங்காது. ஹார்டனரைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம்.

கலந்த பின் பயன்படுத்தக் கிடைக்கும் நேரமும் குறைவு. பல வகைகளுக்கு அது ஏறத்தாழ அரை மணி நேரம்தான். வெப்பம் மிகுந்தால் இன்னும் குறையும். பூசிய மறுநாள் நடக்கலாம். வாகனம் நிறுத்துவதற்கு ஒரு வாரம் பொறுப்பது நல்லது.

தளத்துக்கு மூன்று சோதனைகள்

பூச்சின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், தளம் அதற்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

முதலாவது, ஈரச் சோதனை. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள தடித்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துப் பிரியுங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, கான்கிரீட் கருமை கொண்டிருந்தாலோ, தரைக்குள்ளிருந்து ஈரம் மேலே வருகிறது என்று பொருள். மண்ணின்மேல் நேரடியாக அமைந்த தரைத்தளங்களில், கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு இடாமல் விட்டிருந்தால் இது நேரக்கூடும். அந்த ஈரத்தின் அழுத்தம் பூச்சைக் கொப்புளமாக மேலே தள்ளும்.

இரண்டாவது, நீர்த்துளிச் சோதனை. தரையில் ஆங்காங்கே சில துளி நீர் விடுங்கள். நீர் உறிஞ்சப்பட்டால் நன்று. முத்துப்போல் திரண்டு நின்றால், அங்கே எண்ணெயோ பழைய பூச்சோ கான்கிரீட்டின் துளைகளை அடைத்திருக்கிறது. பல்லாண்டுகளாக எண்ணெய் சிந்திய பட்டறைத் தரையைச் சோப்பு நீரால் ஒருமுறை கழுவியதோடு விட்டுவிடக் கூடாது. எண்ணெய் நீக்கும் கரைசலைக் கொண்டு பலமுறை கழுவி, மீண்டும் துளி விட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உறுதிச் சோதனை. சாவி அல்லது ஆணியால் தரையை அழுத்திக் கீறிப் பாருங்கள். மாவுபோல் தூள் உதிர்ந்தால் மேற்பரப்பு வலுவற்றது. கான்கிரீட் இறுகும்போது சிமெண்ட் பால் மேலே வந்து மெல்லிய ஏடாகப் படிவதுண்டு. இந்த ஏட்டை இயந்திரத்தால் தேய்த்து அகற்றாமல் பூசினால், பூச்சு அந்த ஏட்டோடு சேர்ந்து உரியும். புதிய கான்கிரீட்டாயின் குறைந்தது 28 நாட்கள் கழிந்த பின்னரே பூச வேண்டும்.

ஊரும் பருவமும்

நம் நாட்டில் ஓர் ஊருக்குப் பொருந்தும் காலம் மற்றோர் ஊருக்குப் பொருந்துவதில்லை. குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் புறத்தே நீர் வியர்ப்பதை நாம் அறிவோம். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பர். தரையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. மும்பை, புனே, கொங்கண் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், தமிழகக் கடலோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இந்த விதியைக் காப்பது கடினம். ஈரக் காற்றில் இறுகும் பூச்சின்மேல் மெழுகு போன்ற படலம் தோன்றி, அடுத்த பூச்சு ஒட்டாமல் தடுக்கும்.

தில்லியின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிரால் வேதிவினை மந்தமாகும். 10 டிகிரிக்குக் கீழே பல வகை எபாக்சிகள் சரியாக இறுகுவதில்லை. நாக்பூரின் மே மாத நண்பகலிலோ, கலவை வாளியிலேயே இறுகிவிடும். அங்கு அதிகாலையில் பூசுவதே முறை.

விலைப்புள்ளியைப் படிக்கும் முறை

‘எபாக்சி’ என்னும் ஒரே சொல்லுக்குள் மெல்லிய வண்ணப்பூச்சும் அடங்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் தானே சமமாகப் பரவும் தளமும் அடங்கும். எனவே விலையை ஒப்பிடும் முன் தடிமனை ஒப்பிட வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு.

ஒரு லிட்டர் பொருளை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1 மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரான் தடிமன் கிடைக்கும். ஆவியாகும் நீரும் கரைப்பானும் தரையில் தங்குவதில்லை. திடப்பொருள் மட்டுமே தங்கும். 10 அடிக்கு 20 அடி கார் ஷெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 200 சதுர அடி, சுமார் 18.6 சதுர மீட்டர். 300 மைக்ரான் தடிமன் வேண்டுமாயின் ஏறத்தாழ 5.6 லிட்டர் திடப்பொருள் தேவை. கன அளவில் பாதியே திடப்பொருள் உள்ள பூச்சாயின் 11.2 லிட்டர் வாங்க வேண்டும். அதே பூச்சில் 4 லிட்டர் போதும் என்று ஒருவர் கூறினால், அவர் தரப்போவது 108 மைக்ரான் அளவிலான படலமே. கரைப்பான் இல்லாத வகைகளில் ஏறத்தாழ முழுவதும் திடப்பொருளாக இருக்கும். இந்த விகிதம் தயாரிப்பாளரின் தொழில்நுட்ப விவரத்தாளில் இருக்கும், கேட்டுப் பெறுங்கள்.

விலைப்புள்ளியில் பின்வருவன தனித்தனி இனங்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: இயந்திரத்தால் தேய்த்தல், தூசி உறிஞ்சுதல், விரிசல் அடைத்தல், பிரைமர், பூச்சின் அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கின் தடிமன், வழுக்காமைக்கான மணல், ஜிஎஸ்டி. ‘தேய்த்தல்’ என்னும் இனம் இல்லாத விலைப்புள்ளி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவதே நலம். புனே வாடிக்கையாளரின் 40 ரூபாய் விலைப்புள்ளியில் இல்லாதிருந்தது இந்த ஓர் இனமே.

மேலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வெயில் படும் இடமா? சாதாரண எபாக்சி சூரிய ஒளியில் மஞ்சளாகி, நாளடைவில் சுண்ணாம்புபோல் வெளுக்கும். வாயிற்பக்கம் வெயில் விழுமாயின், வெயில் தாங்கும் பாலியூரித்தேன் மேற்பூச்சு தேவை. நீர் சிந்தும் இடமா? பளபளக்கும் எபாக்சி நனைந்தால் மிகவும் வழுக்கும். முதியோர் நடமாடும் வீட்டில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே நுண்மணல் தூவச் சொல்லுங்கள். சரிவான பாதைக்கு இது கட்டாயம். பளபளப்புச் சற்றுக் குறையும்; விழுந்து எலும்பு முறிவதைவிட அது மேல்.

பணம் தரும் ஒழுங்கு

கட்டுமானக் கடனைப் பணியின் படிநிலைக்கேற்ப வங்கி விடுவிக்கிறது. அதே ஒழுங்கை வாடிக்கையாளரும் பின்பற்றலாம். முன்பணமாக ஒரு பகுதி. தேய்த்த தளத்தை நேரில் பார்த்த பின் ஒரு பகுதி. பூச்சு முடிந்ததும் ஒரு பகுதி. மீதமுள்ள பத்தில் ஒரு பங்கை மூன்று மாதம் கழித்து. இதனை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தேய்த்த தளம் மெல்லிய உப்புத்தாளைத் தடவுவதுபோல் கைக்குச் சொரசொரப்பாக இருக்க வேண்டும்; அதைப் பாராமல் அடுத்த தவணையைத் தராதீர்கள். டின்களைத் தங்கள் முன்னிலையில் திறக்கச் செய்து, காலாவதித் தேதியைப் பாருங்கள். உத்தரவாதச் சீட்டில் ‘சக்கரச் சூட்டால் உரிதல்’ அடங்குமா என்று கேளுங்கள். ஓடி வந்த வண்டியின் சூடான சக்கரம் குளிர்ந்து சுருங்கும்போது, பற்றில்லாத பூச்சை இழுத்துவிடும். பல உத்தரவாதங்கள் வாய்மொழியாகவே நின்றுவிடுகின்றன.

இதற்காக மட்டும் தனிநபர்க் கடன் வாங்குமாறு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பருவம் பார்த்துச் செய்யும் பணி ஆதலால், ஓராண்டுத் தொடர் வைப்பில் சேமித்துச் செய்ய அவகாசம் இருக்கிறது. வீட்டை விரிவாகப் புதுப்பிப்போர் அதற்கான கடனில் இதனையும் ஓர் இனமாகச் சேர்க்கலாம்.

பூச்சுடன் வாழ்தல்

நன்கு அமைந்த பூச்சுக்குப் பராமரிப்பு எளிது. மணலும் தூசியும் உப்புத்தாள்போல் தேய்க்கும் என்பதால் அடிக்கடி பெருக்க வேண்டும். மென்மையான சோப்பு நீரால் துடைத்தால் போதும். கழிவறைக்கான அமிலத் திரவங்களைத் தவிர்க்க வேண்டும். பிரேக் எண்ணெயும் பேட்டரி அமிலமும் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். ஜாக்கியையும் சைட் ஸ்டாண்டையும் வெறும் தரையில் ஊன்றாமல் பலகைத் துண்டின்மேல் ஊன்றுங்கள். சிறு சிராய்ப்புகளை உடனுக்குடன் சரிசெய்தால் ஈரமும் எண்ணெயும் அடியில் புகா. மேற்பூச்சு மங்கியபின் லேசாகத் தேய்த்து மறுபூச்சுத் தரலாம். முழுவதையும் அகற்ற வேண்டியதில்லை.

பூசும் நாட்களில் குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். பணியாளர்கள் கையுறையும், தேய்க்கும்போது தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் அணிந்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் வீட்டாரின் கடமையே.

பூசாமல் இருப்பதும் ஒரு முடிவே

ஈரச் சோதனையில் தாள் நனைந்ததா? திறந்த வெளியில் முழு வெயிலில் இருக்கும் தளமா? வாடகை வீடா? அப்படியாயின் எபாக்சி வேண்டாம். கோட்டா கல், சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ், கான்கிரீட்டைக் கெட்டிப்படுத்தும் சிலிகேட் திரவம் ஆகியவை மாற்று வழிகள். அவற்றுக்கு அந்தப் பளபளப்பு இராது. ஆனால் உரியும் அச்சமும் இராது.

புனே வாடிக்கையாளர் இரண்டாம் முறை மார்ச் மாதத்தில் பூசினார். எட்டு நாட்களில் முதல் ஐந்து நாட்கள் கழுவவும் தேய்க்கவுமே சென்றன. பூச்சுக்கான மூடியைத் திறந்தது ஆறாம் நாள்தான். சென்ற மழைக்காலம் கடந்த பின் அவரது பட்டறைக்குச் சென்றிருந்தோம். வண்டிகள் நிற்கும் இடத்தில் தளம் அப்படியே இருந்தது. முதல் விலைப்புள்ளியை அவர் இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார். அடுத்த செலவுக்கு முன் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதற்காக என்றார்.