ஒளிநகல் எந்திரமும் மக்களாட்சியும்

முன்னுரை

அரசுக்கும் குடும்பத்திற்கும் இடையே மக்கள் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் சங்கம், நூலகம், இதழ், அறக்கட்டளை ஆகியவற்றின் தொகுதியைக் குடிமைச் சமூகம் என்பர். தேர்தலை ஒரே நாளில் நடத்திவிடலாம். குடிமைச் சமூகத்தை ஒரே நாளில் உருவாக்கிவிட இயலாது. ஆதலின், மக்களாட்சிக்கு மாறும் நாடுகளில் இலாப நோக்கற்ற நிறுவனங்கள் இப்பணிக்குத் துணைநிற்கின்றன. அத்துணையின் ஆற்றலையும் எல்லையையும் ஹங்கேரி நாட்டின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

எந்திரம் செய்த பணி

பொதுவுடைமைக் கட்சி ஆண்ட ஹங்கேரியில் படியெடுக்கும் கருவிகள் அரசின் கண்காணிப்பில் இருந்தன. புடாபெஸ்டில் 1930இல் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பெருஞ்செல்வரான ஜார்ஜ் சோரஸ், 1984இல் ஹங்கேரிய அறிவியல் கழகத்துடன் உடன்பாடு செய்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அது நூலகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒளிநகல் எந்திரங்களை அளித்தது. அவற்றின் விலையை அறக்கட்டளை டாலரில் செலுத்தியது. பெற்றுக்கொண்ட நிறுவனங்கள் உள்நாட்டு நாணயமான ஃபோரின்டில் ஈடுசெய்தன. அந்தப் பணமே அறிஞர்க்கும் கலைஞர்க்கும் உதவித்தொகையாயிற்று. எந்திரங்கள் பெருகவே, யார் எதைப் படியெடுக்கின்றனர் எனக் கண்காணிப்பது அரசுக்கு அரிதாயிற்று. 1990இல் அந்நாடு பல கட்சிகள் பங்கேற்ற தேர்தலைக் கண்டது.

எதிர்ப்பு எழுந்த வகை

அவ்வறக்கட்டளையின் உதவித்தொகையால் 1989இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்று பயின்றவர்களுள் விக்டர் ஓர்பானும் ஒருவர். 2010இல் இரண்டாம் முறை பிரதமரான அவருடைய அரசே, 2017இல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் அதனைப் பதிவுசெய்து வெளிப்படுத்த வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டின் உயர்கல்விச் சட்டத் திருத்தம், சோரஸ் 1991இல் நிறுவிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தை நெருக்கியது. 2018இல் அறக்கட்டளையின் அலுவலகம் பெர்லினுக்கும், 2019இல் பல்கலைக்கழகம் வியன்னாவிற்கும் இடம்பெயரலாயின. இரு சட்டங்களும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திற்கு முரணானவை என ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு வருமுன்னரே வெளியேற்றம் நிகழ்ந்துவிட்டது.

முடிவுரை

அயலார் பணம் கதவைத் திறக்க வல்லது. எனினும் ‘அந்நியர் கைக்கருவி’ என்னும் பழிக்கும் எளிதில் இடந்தருவது. இதற்கு மாற்றும் ஹங்கேரியிலேயே உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நாட்டவர் தம் வருமான வரியில் நூற்றில் ஒரு பங்கைத் தாம் விரும்பும் பொதுநல அமைப்பிற்கு ஒதுக்கலாம். தொகை சிறிது, ஆனால், ‘இவ்வமைப்பு எங்களுடையது’ என்னும் குடிமகனின் சான்று அதில் அடங்கியுள்ளது. வெளியுதவி விதையாகலாம், வேராக வேண்டியவர் அம்மண்ணின் மக்களே.