பாடும் மீனும் பதிவிட்ட கையும்

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மட்டக்களப்பு வாவியின் பாட்டுக் கேட்கும் என்பார்கள். 1954இல் லாங் என்ற இயேசுசபைத் துறவி அதை ஒலிப்பதிவே செய்துவிட்டார். ஆனால் பாடுவது மீனா, நத்தையா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பேஸ்புக்கில் போலிக் கணக்கைத் தேடும் பொலிஸ்காரர் பாடும் கிட்டத்தட்ட இதுதான்.

எந்தப் போனிலிருந்து போட்டான் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய வேலையா? பெரிய வேலைதான். பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலகில் மனிதர்களோ 800 கோடிக்கு மேல். அதனால் தொலைபேசிக் கம்பனிகள் ஒரே முகவரியைப் பல போன்களுக்குப் பங்கு போடுகின்றன. ஒரே கதவிலக்கத்தில் ஊரே குடியிருப்பதுபோல. அதற்குள் இன்னார் என்று பிரித்துக் காட்டுவது 'போர்ட்' என்ற உள் இலக்கம். அதுவும் கொஞ்ச நேரத்தில் கைமாறிவிடும். ஆகவே முகவரி, போர்ட், நொடி சுத்தமான நேரம் மூன்றும் வேண்டும். பேஸ்புக் தரும் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் சர்வதேச நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அதைக் கூட்ட மறந்தால் பொலிஸ் வேறு யாருடைய வீட்டுக் கதவையோ தட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007இலேயே கணினிக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. 2015இல் இணையக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில், தெற்காசியாவில் முதல் நாடாக, இலங்கை சேர்ந்தது. ஆனாலும் பேஸ்புக் அமெரிக்கக் கம்பனி என்பதால், கணக்கின் உள்ளே இருக்கும் செய்திகளைப் பார்க்க அமெரிக்க நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். கடதாசி கடல் தாண்டிப் போய்வர மாதங்கள் ஆகும்.

வதந்திக்கு ஓரிரவு போதும். வாவிக்குத் தெற்கே அம்பாறை நகரில், 2018 பெப்ரவரி 26 இரவு, கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு சாப்பாட்டுக் கடையில் சண்டை எழுந்தது. கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் அரைகுறை. சூழ்ந்து நின்றவர்கள் கேட்டது விளங்காமல், கலந்ததை ஒப்புக்கொண்டதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அது வீடியோவாகிப் பரவியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே கிடையாது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது ரொட்டியில் இருந்தது வெறும் மாவுக் கட்டி. அறிக்கை வருவதற்குள் எரிய வேண்டியது எரிந்துவிட்டது. மார்ச்சில் கண்டியிலும் கலவரம் மூள, அரசு பேஸ்புக்கையே சில நாள் முடக்கியது. வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் முழு இணைப்பையும், கண்ட திகதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, அன்றைக்கே போங்கள்.