சங்கக் கூட்டத்தின் குறிப்பு

வாசகசாலை, மாதர் மன்றம், விளையாட்டுக் கழகம், ஓய்வூதியர் சங்கம் என்று நம் ஊர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. அவை கூட்டும் கூட்டங்களுக்கும் குறைவில்லை. ஆனால், கூடியவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்பதைச் செம்மையாக எழுதி வைக்கும் சங்கங்கள் சிலவே. இதனால் விளையும் துன்பத்தை நான் பிறர் சொல்லக் கேட்டு அறியவில்லை. என் கையாலேயே தேடிக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய வாசகசாலைக்கு நான் காரியதரிசியாக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் புத்தகங்கள் நனையத் தொடங்கின. சங்கத்தின் கையிலோ பணமில்லை. பொருளாளர் தம் சொந்தப் பணம் 3,000 ரூபாயைக் கொண்டு பழுது பார்ப்பதென்றும், சந்தா சேர்ந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பதென்றும் கூட்டத்தில் ஒருமனதாக முடிவாயிற்று. நான் குறிப்பேட்டில் எழுதியதோ, ‘கூரைப் பழுது பற்றிப் பேசப்பட்டது, ஆவன செய்யப்படும்’ என்ற ஒரே வரி. மறு ஆண்டு பொருளாளர் காலமானார். அவருடைய மனைவியார் வந்து அத்தொகையைக் கேட்டபோது, புதிய நிர்வாகிகள் ஏட்டைப் புரட்டினார்கள். அதில் தொகையும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. உண்மை சொன்ன அம்மையார் பொய் சொன்னவர் போல் நிற்க நேர்ந்தது. பழைய அங்கத்தினர் சாட்சி சொல்லிப் பணம் கைக்கு வர எட்டு மாதங்களாயின.

அன்று ஒன்றை உணர்ந்தேன். கூட்டக் குறிப்பு, வந்திருந்தவர்களுக்காக மட்டும் எழுதப்படுவதன்று. வராதவர்களுக்காகவும், இனி வரப்போகிறவர்களுக்காகவும் எழுதப்படுவது. இதை மனத்திற்கொண்டால் எழுதும் முறை தானே விளங்கும்.

முதலில் கூட்டம் நடந்த இடம், நாள், நேரம், தலைமை வகித்தவர், வந்திருந்தவர் பெயர்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அடுத்து, முந்திய கூட்டத்தின் குறிப்பு படிக்கப்பட்டு ஏற்கப்பட்டதா என்பது. பின்னர் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டுத் தீர்மானத்தின் வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கெடுப்பு நடந்திருந்தால் இரு பக்கத்து எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். யார் செய்வது, எவ்வளவு செலவு, எந்த நாளுக்குள் என்னும் மூன்றுக்கும் விடை இல்லாத தீர்மானம் வெறும் விருப்பமே.

விட வேண்டியவையும் உண்டு. சொற்பொழிவுகளும் புகழுரைகளும் சினத்தில் பிறந்த சொற்களும் ஏட்டில் ஏறலாகாது. ஆயினும், ஒருவர் தம் மறுப்பைப் பதியுமாறு கேட்டால் அதைப் பதிவது நேர்மை.

இக்கலை நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் தம் முடிவுகளைக் கல்லில் பொறித்தனர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்வது எப்படி, யார் யார் தகுதியற்றவர் என்பன அதில் ஐயமின்றி உள்ளன. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் அதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்தியக் கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாள் தவணை தருகிறது. பக்கங்களுக்குத் தொடர் எண்ணும் கேட்கிறது. சிறிய சங்கத்துக்கு அவ்வளவு தவணை வேண்டாம். நினைவு மங்குமுன் அன்றிரவே எழுதுக. பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்காமல், கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பமிடுக. கணினியில் அச்சிட்டாலும் ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் ஒப்பமும் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏட்டைத் திருப்பித் தந்தால், உங்கள் குறிப்பு தேறிவிட்டது. அந்த நாளில் நான் இதைச் செய்திருந்தால், ஓர் அம்மையார் எட்டு மாதம் நம் வாசலில் நின்றிருக்க மாட்டார்.