91ஆம் குதம்

திருகோணமலை உட்துறைமுகத்தின் மறுகரை, சீனன்குடா. அங்கே பற்றைக்காட்டுக்குள் எண்ணெய்க் குதம் ஒன்று உருக்குலைந்து கிடக்கிறது. தடித்த இரும்புத் தகடு மெழுகாய் உருகி மடிந்திருக்கிறது. எண் 91. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானம் ஒன்று இதன்மேல் விழுந்து வெடித்தது. தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள்.

அன்று துறைமுகத்தில் கப்பல்கள் அதிகமில்லை. எதிரி வருவது தெரிந்ததும் முந்தின இரவே பெரும்பாலானவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் அப்படிப் போனதுதான். தாக்குதல் ஓய்ந்ததென்று திரும்பிவரும் வழியில், மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியரிடம் அகப்பட்டது. காப்பாற்ற ஒரு போர்விமானமும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. 307 பேர் மாண்டார்கள். நூற்றைம்பது ஆண்டு கட்டிக்காத்த துறைமுகம், ஆபத்து வந்தபோது காலிசெய்ய வேண்டிய இடமாகிப்போனது!

இதற்காகவா அத்தனை சண்டை? பாய்மரக் காலத்தில் காரணம் இருந்தது. ஐப்பசியில் வாடை எழும்பினால் சென்னை முதல் நாகப்பட்டினம் வரை போர்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. திறந்த கடலில் நங்கூரம் தாங்காது. கொட்டியாரக் குடாவுக்குள் இன்னொரு குடாவாக, மலைகள் மறைத்த ஆழ்நீர் திருமலை என்னும் திருகோணமலையில்தான். 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் பறித்தார். சமாதான உடன்படிக்கையில் அது மறுபடி டச்சுக்காரருக்கே போனது. 1795இல் வந்த ஆங்கிலேயர்தான் நிலைத்தார்கள். அவர்கள் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் மாற்றிய கோட்டையைத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு. மீண்டும் எழுந்த அந்தக் கோயிலுக்கு இன்றும் போகிறவர்கள் இராணுவ முகாம் நடுவேதான் நடக்கிறார்கள். புள்ளிமான்கள் மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் உலாவுகின்றன.

1957இல் பிரிட்டன் தளத்தைக் கையளித்தது. இப்போது இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் பயிற்சிக் கழகமும் இங்கேதான். அந்தக் கடற்படைக்கும் குடா வேலியாகவில்லை: 1995 ஏப்ரல் 19 அன்று, துறைமுகத்துக்குள் நின்ற சூரய, ரணசுரு என்ற இரு பீரங்கிப் படகுகளை விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் மூழ்கடித்தார்கள். அரசுக்கும் புலிகளுக்கும் இடையே இருந்த போர்நிறுத்தமும் அதோடு போயிற்று.

டில்லியின் கவலை வேறு. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்கு எதிராக எந்த நாடும் திருமலையை இராணுவத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வாங்கியது. 'எனக்கு வேண்டும்' என்பதைவிட 'அவனுக்குக் கிடைக்கக் கூடாது' என்பதே இந்தக் குடாவின் அரசியல் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய்க் குதங்களும் அந்தக் கடிதங்களில் உண்டு. 99 குதங்களை யார் யார் நடத்துவது என்று பங்கு பிரித்துக் கையெழுத்தாக 2022 ஜனவரி ஆகிவிட்டது. அதுவரை பலவற்றின் மேல் கொடி படர்ந்திருந்தது.