சோதனை நேரத்தில் மறதி ஏன்?



வீட்டில் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, சோதனைத் தாளைக் கண்டதும் திருதிருவென்று விழிக்கிறது. "படித்திருந்தால்தானே எழுதுவாய்" என்று ஏசுகிறோம். பல வேளைகளில் அது நியாயமன்று.

மனம் அஞ்சியதும் சிறுநீரகங்களின்மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது நோயன்று. உடல் வேலைக்கு ஆயத்தமாகிறது. ஓரளவு பதற்றம் நல்லதே. அளவு மீறினால்தான் கெடுதல். 1908ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி தந்து பழக்கிப் பார்த்தார்கள். கடினமான பாடத்தில், அதிர்ச்சி ஓரளவுக்கு மேல் கூடியதும் எலிகள் கற்கும் வேகம் குறைந்தது.

கணக்குப் போடும்போது எண்களை மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடம் மிகச் சிறியது. 'தோற்றால் அப்பா என்ன சொல்வார்?' என்ற கவலை அங்கே குடியேறினால், எண்களுக்கு இடமேது?

கைத்தொழிலில் தடுமாற்றம் வேறு விதமாக வரும். பல்லாண்டு பால்வெட்டியவர் பின்னால் கங்காணி வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று அவர் ஒவ்வோர் இழுப்பிலும் யோசிக்கத் தொடங்குகிறார். கை தானாகச் செய்த வேலையில் மனம் குறுக்கிடுகிறது. மரத்தில் காயம் விழுகிறது.

யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் நிறுத்தப்பட்டது. அது நடந்துவந்த காலத்தில், சோதனைக்கு முதல்நாள் என் வகுப்பில், "உங்கள் குடும்பத்தின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது" என்றேன். மறுநாள் கெட்டிக்கார மாணவி ஒருத்தி முதல் பக்கத்தையே தாண்டவில்லை. ஊக்கம் தருவதாக நினைத்துப் பாரத்தை ஏற்றியவன் நான்தான்.

இதற்கு என்ன செய்யலாம்? எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளை, கடிகாரத்தை எதிரே வைத்து, பழைய வினாத்தாளை முழுமையாக எழுதச் சொல்லுங்கள். பழகிய நெருக்கடி அச்சுறுத்தாது. சோதனைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதியதால், அச்சம் மிகுந்த மாணவர்களும் நன்றாகச் செய்தார்கள் என்று 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்படி எழுதுவதற்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

பெற்றோர்களே, அன்று காலையில் அறிவுரை வேண்டாம். "பசியாறிவிட்டுப் போ. தெரிந்ததை எழுது. எப்படி இருந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான்" என்று சொல்லி அனுப்புங்கள். இப்போது நானும் என் மாணவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்.