கைதட்டலுக்கு முந்திய பத்து வருஷங்கள்

வேஷமில்லை, கதையில்லை, துணைக்கு இன்னொரு நடிகர் இல்லை. ஒரு மைக்கும் ஒரு மனிதரும் மாத்திரம் மேடையில் நிற்க, முன்பின் அறியாத ஜனங்களை அவர் தம் பேச்சினாலேயே சிரிக்கவைத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தோடு நடக்கிற கலைக்கு 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று பெயர். இதில் இறங்க ஆசைப்படும் இளைஞர்களில் அநேகர், ஹாஸ்ய உணர்ச்சி பிறவியிலேயே அமைந்திருந்தால் போதும், மேடை தானாக வசப்பட்டுவிடும் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மார்ட்டினுடைய இளமைப் பருவத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் நான் கண்டதில்லை. தாம் மேடையில் கழித்த பதினெட்டு ஆண்டுகளில் பத்து ஆண்டுகள் கற்பதிலும், நான்கு ஆண்டுகள் கற்றதைச் செப்பனிடுவதிலும் சென்றன என்றும், பெரும் வெற்றியைக் கண்டவை மிச்சமிருந்த நான்கே என்றும், 2007-இல் வெளிவந்த 'பார்ன் ஸ்டாண்டிங் அப்' என்ற சுயசரிதத்தில் அவரே கணக்குக் காட்டியிருக்கிறார். அந்த முதல் பத்து ஆண்டுகளையும், அவற்றுக்கு அஸ்திவாரமாக அமைந்த பால்ய காலத்தையும் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

டெக்ஸாஸ் மாகாணத்தில் 1945-இல் பிறந்த மார்ட்டின், பெற்றோருடன் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து வளர்ந்தார். வீட்டிலிருந்து சைக்கிளில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் 1955-இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது அவருக்குப் பத்து வயது நிறையும் தறுவாய். கோடுபோட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியும் அணிந்து, 25 சென்ட் விலையுள்ள வழிகாட்டிப் புத்தகங்களை விற்று, புத்தகம் ஒன்றுக்கு 2 சென்ட் கமிஷன் பெறுவது அவருடைய முதல் உத்தியோகம். கூலி அற்பமானாலும், விற்பனை முடிந்தபின் உள்ளே இஷ்டம்போல் சுற்றலாம் என்ற சலுகை இருந்தது. அந்தச் சலுகைதான் அவரை கோல்டன் ஹார்ஸ்ஷூ என்ற அரங்கத்துக்கு இழுத்துச் சென்றது.

அங்கே வாலி போக் என்ற விகடக் கலைஞர் கைத்துப்பாக்கியை விரலில் சுழற்றுவார். பலூனை முறுக்கி மிருகங்கள் செய்வார். சிலேடைகளை அடுக்கிக்கொண்டே போவார். ஒரே நிகழ்ச்சியைத்தான் நாள்தோறும் பல தடவை நடத்தினார் என்றாலும், ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியதுபோல் ஒவ்வொரு சொல்லையும் அவர் உதிர்த்ததை, மூலையில் உட்கார்ந்திருந்த சிறுவன் வாயசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் ஜாக் பென்னியும் லாரல்-ஹார்டியும், பிற்பாடு இசைத்தட்டுகள் வாயிலாக நிக்கல்ஸ்-மே ஜோடியும் லென்னி புரூஸும் மார்ட்டினைக் கவர்ந்தார்கள் என்பது உண்மைதான்; ஆயினும் அவர்களெல்லாம் தொலைவிலிருந்த குருமார்கள். மூச்சு வாங்குவதும் வேர்வை துளிர்ப்பதும் தெரியும் தூரத்தில் நின்று கற்பித்தவர் வாலி போக் ஒருவரே.

பதினைந்தாம் வயதில் டிஸ்னிலாந்திலேயே இருந்த மெர்லின் மாஜிக் கடையில் வேலை கிடைத்தது. வாங்க வருகிறவர்களுக்கு ஜாலவித்தைச் சாமான்களைச் செய்துகாட்டி விற்க வேண்டும். சீட்டு, கயிறு, கிண்ணம், பந்து என்று அதே வித்தையை அதே வசனத்தோடு காலை முதல் இரவு வரை திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். சங்கீத வித்யார்த்தி ஒரே வர்ணத்தை மாதக்கணக்கில் சாதகம் செய்வதுபோல், அந்தக் கடை மேஜைக்குப் பின்னால் அவருடைய கையும் நாவும் பழகின. வெளியே சிறுவர் சங்கங்களில் தனியாக நிகழ்ச்சி நடத்தப் புறப்பட்டபோது, ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்த கையோடு குறிப்பு எழுதிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார். எந்த வித்தை எடுபட்டது, எது படுத்துவிட்டது என்பதோடு, தேவையில்லாத ஜோக்குகளை எடுத்துவிட வேண்டும், நடுங்காமல் நிற்க வேண்டும் என்றெல்லாம் தமக்குத் தாமே கட்டளையிட்டுக்கொண்டார். தம்முடைய தோல்வியை அன்றன்றைக்கே எழுத்தில் பதிவு செய்யும் நேர்மை அந்த வயதில் ஒரு பையனுக்கு வாய்த்திருந்ததை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

பதினெட்டாம் வயதில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற உல்லாசப் பூங்காவிலிருந்த பேர்ட் கேஜ் நாடகக் கொட்டகையில் சேர்ந்தார். வில்லனைக் கண்டால் ஜனங்கள் கூச்சலிட்டுச் சீறுவதும், கதாநாயகனைக் கண்டால் ஆரவாரம் செய்வதுமாக நடக்கும் பழைய பாணி நாடகம் முடிந்ததும், நடிகர்கள் தனித்தனியே தம் வித்தைகளைக் காட்டச் சில நிமிஷங்கள் உண்டு. மார்ட்டினுடைய மேடைப் பயிற்சி அந்தச் சில நிமிஷங்களில் நடந்தது. அங்கே உடன் நடித்த ஒரு பெண் சாமர்செட் மாமின் 'ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலைப் படிக்கச் சொன்னாள். 1938-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்த மாம், அந்தத் தரிசனத்தை ஆதாரமாகக் கொண்டே தம் நாவலில் இந்திய ஞானி ஒருவரைப் படைத்தார் என்பதை நம்மவர் அறிவர். வாழ்க்கையின் பொருளைத் தேடி அலையும் இளைஞனுடைய அந்தக் கதையின் வேகத்தில் மார்ட்டின் லாங் பீச் கல்லூரியில் தத்துவ சாஸ்திரம் படிக்கச் சேர்ந்தார். அருணாசலத்தின் அடிவாரத்தில் கிளம்பிய ஓர் அலை, கலிபோர்னியாவில் ஜாலவித்தை காட்டிக்கொண்டிருந்த இளைஞனைத் தர்க்க வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்தியதை நினைக்கையில் எனக்கு அளவற்ற வியப்பு உண்டாகிறது.

தத்துவப் படிப்பு வீண்போகவில்லை. லூயிஸ் கரோலின் விசித்திரமான தர்க்க உதாரணங்களைப் படித்தபோது, அபத்தத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று கண்டார். ஹாஸ்யக்காரன் கேட்பவர் மனத்தில் ஓர் இறுக்கத்தை உண்டாக்கி, கடைசி வரியில் அதைத் தளர்த்திவிடுகிறான். சிரிப்பு அந்தத் தளர்ச்சியில் பிறக்கிறது என்று ஒரு பாடநூலில் வாசித்ததும், அவர் மனத்தில் ஒரு விபரீதமான கேள்வி எழுந்தது. கடைசி வரியையே சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இறுக்கம் ஏறிக்கொண்டே போய், எங்கே சிரிப்பது என்று யாரும் குறிகாட்டாத நிலையில், சபையிலுள்ள ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் தாமாகவே சிரிக்க மாட்டார்களா? அவருடைய பிற்காலக் கலை முழுவதும் இந்தக் கேள்விக்கு அவர் தேடிய விடை என்றே சொல்லலாம்.

ஆனால் கேள்வி எழுந்த மாத்திரத்தில் சபை வந்து உட்கார்ந்துவிடவில்லை. ஸான் பிரான்சிஸ்கோவில் 'காபி அண்ட் கன்ஃப்யூஷன்' என்ற சிறு காபி விடுதியில், உள்ளே ஓர் ஆளும் இல்லாவிட்டாலும் நிகழ்ச்சியை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஏதோ நடப்பதைப் பார்த்து உள்ளே வருவார்கள் என்ற நம்பிக்கை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று மார்ட்டின் பேசத் தொடங்குவார். கைவசமிருந்த ஹாஸ்யம் நேரத்தை நிரப்பப் போதாததால் பான்ஜோ வாசித்தார், பந்துகளை வீசிப் பிடித்தார், கவிதைகூட வாசித்தார்.

1967-இல் ஸ்மதர்ஸ் சகோதரர்களின் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு எழுத்தாளராக அமர்ந்து, 1969-இல் எம்மி விருதில் பங்கு பெற்றார். இதற்கிடையில், பிறரிடமிருந்து எடுத்த துணுக்கு ஒன்றுகூட இனித் தம் நிகழ்ச்சியில் இருக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டார். பொதுச் சொத்தாகப் புழங்கிவந்த ஜோக்குகளையும் வாலி போக்கிடம் கற்ற சிலேடைகளையும் களைந்தால், நிகழ்ச்சியில் பெரும்பகுதி போய்விடும், போயிற்று. நன்றாகப் பார்த்துப் பழகியவற்றைத் துறக்கும் துணிவு இல்லாதவர்கள் ஆயுள் முழுவதும் திறமையான நகல்களாகவே நின்றுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

டெலிவிஷன் வேலையை விட்டு ஊர் ஊராகப் போன எழுபதுகளின் ஆரம்பம் கடினமான காலம். பாட்டுக் குழுவைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் பூர்வாங்கமாகப் பேச நேர்ந்தபோது, பல இரவுகளில் அலட்சியமே கிடைத்தது. வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் ஒரு வகுப்பறையில் நடந்த நிகழ்ச்சியோ வேறு விதம். நிகழ்ச்சி முடிந்தும் மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. திரை இல்லாத அறையில் மறைந்துகொள்ளவும் வழியில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறியவரின் பின்னாலேயே அவர்கள் வர, பேசிக்கொண்டே நடந்தவர் தண்ணீரில்லாத நீச்சல் குளம் ஒன்றைக் கண்டார். எல்லாரையும் அதில் இறங்கச் சொல்லி, தலைகளுக்கு மேலாகக் கைக்குக் கை மாற்றிய ஜனங்கள் மீது நீந்திச் சென்றார். முடிவு வரி இல்லாத ஹாஸ்யத்துக்கு முடிவு எங்கே என்ற பழைய கேள்வி அன்று செயலில் வடிவம் பெற்றது.

1975 வாக்கில், இனி யாருக்கும் முன்னோடியாகப் பேசுவதில்லை, சபை சிறியதானாலும் தம் பெயருக்கென்று வருகிறவர்களுக்கே நடத்துவது என்று உறுதிகொண்டார். 1976-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சி அவரை நாடெங்கும் கொண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கானோர் நிரம்பிய விளையாட்டரங்குகளில், தூரத்திலிருப்பவர் கண்ணுக்கும் தெரியும்படி வெள்ளை உடையில் தோன்றினார். அங்கே அவர் வாய் திறக்கும் முன்பே ஆரவாரம் எழுந்துவிடும். எது எடுபட்டது, எது படுத்தது என்று குறித்துவைக்க இனி இடமில்லை. ஏதேனும் ஓர் இரவில் அற்புதமாக நடத்திவிடுவது சுலபம், எந்த இரவிலும் நன்றாக நடத்துவதே கடினம் என்று காபி விடுதிகளில் கற்றுக்கொண்டவருக்கு, புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடியாத மேடை அலுத்துப்போனது இயல்பே. 1981-இல் புகழின் உச்சியிலிருந்தபோதே அந்த மேடையிலிருந்து இறங்கி, முழுமூச்சாகச் சினிமாவுக்குப் போய்விட்டார்.