உங்களுக்குத் தெரியுமா? பக்கவாட்டில் திறக்கும் டிக்கி
புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனால் வழியில் மறைமலைநகர். 1903-இல் அமெரிக்காவில் பிறந்த ஃபோர்டு நிறுவனத்தின் ஆலை அங்கேதான். 1999-இல் அங்கிருந்து வந்த ‘ஐகான்’, ஃபோர்டின் ‘ஃபியஸ்டா’ காருக்கு டிக்கி சேர்த்து இந்தியச் சந்தைக்கென உருவாக்கிய கார்.

2013-இல் வந்த ‘எக்கோஸ்போர்ட்’ வேறு ரகம். ஸ்டெப்னி பின்கதவிலேயே தொங்கும். கதவு மேல்நோக்கித் திறக்காது, பக்கவாட்டில்தான் திறக்கும். புதுச்சேரி ஒயிட் டவுன் தெருவில் பின்னால் யாராவது ஒட்டி நிறுத்திவிட்டால் காய்கறிப் பைக்குப் பின்சீட்டுதான் கதி!

2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையின் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்குச் சர்வீஸும் உதிரிபாகங்களும் இன்றும் உண்டு. 2029 முதல் அதே ஆலையில் என்ஜின் தயாரிக்கும் திட்டம்: ஆண்டுக்கு 2.35 லட்சம். கார் அல்ல, என்ஜின் மட்டும், அதுவும் ஏற்றுமதிக்கு.